எல்லாரும் கையஸ்: ரோமர்களில் யார் எவர் என்று பிரிப்பது எப்படி?

கேள்வி:
ரோமக் குடியரசின் கடைசி நூறாண்டுக்கு ஓர் அட்டவணை தயாராகிறது. கையஸ் மாரியஸ், கையஸ் கிராக்கஸ், கையஸ் காசியஸ், கையஸ் ஜூலியஸ் சீசர்... சீசரின் அப்பா பெயரும் அதேதான், தத்துப்பிள்ளை பெயரும் அதேதான். கல்வெட்டிலோ வெறும் 'சி' (C) என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. குழம்பாமல் பதிய என்ன வழி?

பதில் 1:
முன்பெயரை, அதாவது 'கையஸ்' போன்ற முதல் பெயரை, வைத்து வரிசைப்படுத்தவே வேண்டாம். அன்று பரவலாகப் புழங்கிய ஆண் முன்பெயர்கள் இருபதுகூடத் தேறாது; மூத்த மகனுக்குப் பெரும்பாலும் அப்பன் பெயரே. முதல் பத்தியில் குலப்பெயர் (மாரியஸ், செம்ப்ரோனியஸ், காசியஸ், ஜூலியஸ்), அடுத்ததில் கிளைப்பெயர் (கிராக்கஸ், லாஞ்சைனஸ், சீசர்), பிறகு தந்தை பெயர், கடைசியில் பதவியும் ஆண்டும். மாரியஸுக்குக் கிளைப்பெயர் கிடையாது, அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஆண்டுதான் கைகொடுக்கும்: கி.மு. 107-இல் முதல்முறை கான்சல் (குடியரசின் உயர்ந்த ஆண்டுப் பதவி) ஆனவர் மாரியஸ், கி.மு. 123, 122-இல் டிரிபியூன் (பொதுமக்கள் பிரதிநிதி) கிராக்கஸ்; கி.மு. 44-இல் பிரீட்டர் (கான்சலுக்கு அடுத்த பதவி) காசியஸ்.

'சி' என்றால் கையஸ், 'சிஎன்' (Cn) என்றால் க்னேயஸ். லத்தீனில் 'ஜி' எழுத்து தனியாகப் பிரிவதற்கு முந்தைய சுருக்கங்கள் இவை; எழுத்து வந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. 'எம்' மார்கஸ். அதன் பக்கத்தில் மேலே ஒரு சிறு கோடு இருந்தால் மேனியஸ். ஸ்கேன் செய்யும்போது அந்தக் கோடு விழுந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார், மூலப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பதில் 2:
தந்தை பெயரைப் படிக்க, ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் முகப்பு நல்ல பயிற்சி. 'எம் அக்ரிப்பா எல் எஃப்' என்று தொடங்கும்: லூசியஸின் மகன் மார்கஸ் அக்ரிப்பா. அடுத்து, மூன்றாம் முறை கான்சல், அதாவது கி.மு. 27. ஆனால் இன்று நிற்கும் கட்டடம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தது. கல்வெட்டு சொல்லும் ஆண்டைக் கட்டடத்தின் ஆண்டாகப் பதிந்துவிடாதீர்கள்.

பதில் 3:
தந்தை பெயர் கைவிடும் இடம், சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன். கி.மு. 63-இல் கையஸ் ஆக்டேவியஸாகப் பிறந்தார். அப்பாவும் கையஸ் ஆக்டேவியஸ். கி.மு. 44-இல் சீசரின் உயில்படி தத்தானதும் கையஸ் ஜூலியஸ் சீசர். ஆக, தத்துக்கு முன்னும் பின்னும் அவர் 'கையஸின் மகன்'தான்! சீசர் கி.மு. 42-இல் தெய்வமாக்கப்பட்ட பிறகு வரும் 'தெய்வத்தின் மகன்' என்ற தொடர்தான் உறுதியான அடையாளம். கி.மு. 27 முதல் அகஸ்டஸ். ஒரே ஆளுக்கு ஒரே எண் கொடுத்து, பெயர்களை ஆண்டோடு அதன்கீழ் அடுக்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. 'கையஸ் சீசர்' என்று மட்டும் வந்தால்?

பதில் 3:
கி.பி. 4-இல் இறந்தவர் என்றால் அகஸ்டஸின் பேரன். கி.பி. 37 முதல் 41 வரை ஆட்சி செய்த பேரரசர் என்றால் கலிகுலா. ரோம எழுத்தாளர்கள் அவரைப் பெரும்பாலும் கையஸ் என்றே குறிப்பிடுகிறார்கள். சட்ட நூல்களில் ஒற்றையாகக் 'கையஸ்' என்று நின்றால் இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர். அவருக்கு அந்த ஒரு பெயர்தான் எஞ்சியிருக்கிறது.