கருங்கல் கோயில்: முன்மண்டபத்தில் தூண் இல்லாமல் முடியுமா?

செந்தில் (கேள்வி):
எங்கள் ஊரில் பெருமாள் கோயில் புதிதாகக் கட்டுகிறோம். ஸ்தபதி ஆயாதி (அளவுப் பொருத்தக் கணக்கு) பார்த்துக் கருவறை அளவு குறித்துக் கொடுத்துவிட்டார். சிக்கல் முன்மண்டபத்தில். திருவிழாவன்று எல்லாருக்கும் சாமி தெரியணும், 24 அடி அகலத்துக்குள் தூணே கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். கான்கிரீட்டில் போட்டு, ஓரத் தூண்களில் சிமெண்ட் போதிகை (தூண் தலையில் இருபக்கமும் நீண்டு உத்திரத்தைத் தாங்கும் கை) ஒட்டிவிடலாம் என்கிறது ஒரு கட்சி. நான் சிவில் படித்தவன், நிற்கவைத்துவிடுவேன். மனசுதான் ஒப்பவில்லை.

கல்தச்சர் வீடு:
தம்பி, மனசு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. மாமல்லபுரம் கல்லூரியில் படித்துவிட்டு முப்பது வருஷமாகக் கல்லோடு கிடக்கிறேன். கல், தலையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும். உத்திரமாகக் கிடத்தினால் அடிப்பக்கம் இழுபடும், அதைத்தான் தாங்காது. போதிகை பிறந்ததே அதற்காக. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீண்டால், 10 அடி இடைவெளி உத்திரத்துக்கு 7 அடியாகிவிடும். சிமெண்ட் போதிகை எதைத் தாங்கப்போகிறது?

ஒரு ஊரில் கான்கிரீட்டில் கட்டிய விமானம், கருவறை மேல் எழும்பும் கோபுரம், பார்த்தேன். 25 வருஷம்கூட ஆகவில்லை. கம்பி துருப்பிடித்து உப்பி, கொடுங்கையின் (வளைந்து இறங்கும் கூரை) விளிம்பு பட்டை பட்டையாகக் கழன்றிருந்தது. யாளி வரிசையில் கை வைத்தேன், ஒரு முகம் அப்படியே பெயர்ந்து வந்தது. அன்று ராத்திரி தூக்கமில்லை.

ஹவாயில் கவாய் தீவில் 'இறைவன் கோயில்' என்ற பெயருள்ள கோயிலைப் பாருங்கள். கணபதி ஸ்தபதி வடிவமைத்தது. பெங்களூர்ப் பக்கம் செதுக்கிய கற்கள் கப்பலேறிப் போயின. அஸ்திவாரம் மட்டும் கான்கிரீட், 4 அடி கனம், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. உள்ளே ஒரு கம்பி கிடையாது, அதனால் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. கணபதி ஸ்தபதி 2011-ல் காலமானார், குடமுழுக்கு 2023-ல் நடந்தது. புதிதாகக் கட்டுவது என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

உங்களுக்கு: நடுவில் 10 அடி விட்டு இரண்டு வரிசைத் தூண் வையுங்கள். கருவறை வாசல் அகலத்துக்கு நன்றாக வெளியே தள்ளி நிற்கும், நேர்ப்பார்வை மறையாது. விமானத்துக்குப் பிரஸ்தரம் (சுவருக்கு மேல் வரும் கூரை மட்டம்) வரை கல், அதற்குமேல் செங்கல், சுதை (சுண்ணாம்புச் சாந்து வேலை). பழைய கோயில்களிலும் இந்த வழக்கம் உண்டு, பாரமும் செலவும் குறையும்.

மீனாட்சி அத்தை:
உற்சவர் எதுக்கு இருக்கார்? உள்ளே வர முடியாதவங்களுக்காகத்தானே அவர் புறப்பட்டு வெளியே வர்றார்! மண்டபத்தை ஏன் கல்யாண மண்டபம் ஆக்கணும்? வாசல்ல பந்தல் போட நல்ல இடம் விடுங்கப்பா, வயசானவங்க உட்கார நிழலோட.

செந்தில்:
அத்தை சொன்னதை அப்படியே கூட்டத்தில் வாசித்தேன். 10 அடிக்குச் சம்மதித்துவிட்டார்கள்.

நேற்று ஸ்தபதியோடு குவாரிக்குப் போனேன். ஒவ்வொரு கல்லாகச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். இரண்டு கல் மணி மாதிரி ஒலித்தது. மூன்றாவது கண்ணுக்கு அப்பழுக்கில்லாத கல், ஆனால் சத்தம் மந்தமாக வந்தது. உள்ளே பிளவு, உத்திரத்துக்கு ஆகாது என்று தள்ளிவைக்கச் சொன்னார். சுத்தியலை என்னிடமும் கொடுத்தார். வித்தியாசம் எனக்கே கேட்டது.