“தல்லாகுளம் வீடு” வாட்ஸ்அப் குழு: புதன் ராத்திரி

பாண்டி: ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து, பாண்டி கோயில். வேன் வெள்ளன 5 மணிக்கு வாசல்ல நிக்கும். யார் வேன்ல, யார் சொந்த வண்டியிலன்னு இன்னைக்கே சொல்லிருங்க

மணி: நாங்க 4

கவிதா: நாங்க 3 பாண்டி. சேகர் தம்பி இருக்கீங்களா? ஹரிணிக்கு நாளைக்கு அறிவியல் பரீட்சை. அயனிப் பிணைப்பு மண்டையில ஏறலன்னு அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா

கவிதா: [புகைப்படம்]

சேகர்: இருக்கேன் மதினி. போனை அவகிட்ட குடுங்க

மணி: போச்சு. இனி வேன் நகராது

சேகர்: ஹரிணி, நோட்டைப் பாத்தேன். சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவுல கோடு போட்டிருக்க. அதை அழி. கோடு போட்டா ரெண்டு அணுவும் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிச்சுன்னு அர்த்தம். அது சகப்பிணைப்பு. இங்க பங்கே கிடையாது.
முதல்ல எலக்ட்ரான் அமைப்பை எழுது, ஒவ்வொரு கூட்டுலயும் எத்தனை எலக்ட்ரான்னு. சோடியம், அணு எண் 11: 2, 8, 1. குளோரின், அணு எண் 17: 2, 8, 7. சோடியம் கடைசி ஒண்ணை இழந்தா 2, 8 ஆகி நியான் அமைப்பு. குளோரின் ஒண்ணை வாங்கினா 2, 8, 8, ஆர்கான் அமைப்பு. புரோட்டான் மாறவே மாறாது. சோடியத்துல 11 புரோட்டானுக்கு 10 எலக்ட்ரான், அதனால ஒரு நேர்மின்சுமை. குளோரின்ல 17க்கு 18, ஒரு எதிர்மின்சுமை. இப்படிச் சுமை ஏறின அணுதான் அயனி. குளோரின் அயனிக்குப் பேர் குளோரைடு

பாண்டி: சித்தப்பா நீங்க எத்தன பேரு

கவிதா: சித்தப்பா நான் ஹரிணி. அந்தக் கைமாறுன எலக்ட்ரான்தானே ரெண்டையும் பிடிச்சு வச்சிருக்கு? மிஸ் அப்படித்தான் சொன்ன மாதிரி இருந்துச்சு

மணி: குடுத்தது குடுத்ததுதான், திருப்பிக் கேக்காது. நல்ல பிள்ளை சோடியம்

சரஸ்வதி: வாங்குனவங்களும் அப்படித்தான், திருப்பியே தர மாட்டாங்க. அத்தையோட பித்தளை அண்டா எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

மணி: அக்கா அதை விஜயாகிட்ட கேளுங்க

சரஸ்வதி: கேட்டாச்சு

பாண்டி: அம்மா சும்மா இரு

சேகர்: அண்டாவுக்கும் இதுக்கும் பொருந்தாது பெரிய மதினி. சோடியம் மனசார எதையும் குடுக்கல. வாயு நிலையில இருக்கிற ஒரு மோல் (அணுக்களை எண்ணுற ஒரு பெரிய அளவு) சோடியத்துல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். குளோரின் வாங்கிக்கிறப்ப திரும்ப வர்றது 349தான். 147 நட்டம். கைமாத்துனதோட நின்னுட்டா உப்பே உண்டாகாது. ரெண்டு வகை அயனியும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் படிகமா அடுக்கிக்கிறப்ப 787 கிலோஜூல் வெளிய வருது. நட்டத்தை அடைக்கிறது அதுதான்.
ஹரிணி, அந்த இழுப்புதான் பிணைப்பு. கைமாறுறது அதுக்கு முன்னாடி நடக்குற வேலை. பரீட்சையில “எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகளுக்கு இடையேயான நிலைமின் கவர்ச்சி விசை”ன்னு எழுது. அந்த வரி இல்லேன்னா பாதி மார்க் போயிரும்

மணி: 147 நட்டம். எங்க கடைக் கணக்கு மாதிரியே

சேகர்: புள்ளிப் படம்: சோடியம் அயனியில ஒரு புள்ளியும் போடாத. குளோரைடைச் சுத்தி 8 புள்ளி, ரெண்டையும் தனித்தனியா சதுர அடைப்புக்குள்ள வச்சு, சுமையை அடைப்புக்கு வெளிய வலது மேல்பக்கம் போடு. பிள்ளைங்க நிறைய பேர் சுமையை மறந்துருவாங்க. அம்புக்குறி சோடியத்துல இருந்து குளோரினுக்கு, திருப்பிப் போட்டா சுழி

கவிதா: சரி சித்தப்பா. அப்ப ஒரு சோடியம் ஒரு குளோரின் சேந்து ஒரு உப்பு மூலக்கூறா

சேகர்: திட உப்புல மூலக்கூறுன்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுத்தி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுத்தி 6 சோடியம். நடு மையத்துக்கு நடு மையம் 282 பிகோமீட்டர். அப்படியே எல்லாப் பக்கமும் போய்க்கிட்டே இருக்கும். வாய்பாடு விகிதத்தை மட்டும்தான் சொல்லுது. மெக்னீசியம் 2, 8, 2. அது ரெண்டை விடும், குளோரின் ஒண்ணொண்ணுதான் வாங்கும், அதனால ஒரு மெக்னீசியத்துக்கு 2 குளோரின். மொத்தச் சுமை பூச்சியம் வருதான்னு கூட்டிப் பாத்துட்டு எழுது

சரஸ்வதி: சேகரு, உப்புன்னதும் கேக்குறேன். மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடி ஏன் தண்ணி விடுது? பாக்கெட் உப்பு விடல

சேகர்: அது சோடியம் குளோரைடோட குத்தம் இல்ல மதினி. கடல்தண்ணியில இருந்து வர்ற கல்லுப்புல மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். மெக்னீசியம் அயனி சின்னது, சுமை ரெண்டு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். சுத்தமான உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினாத்தான் கசியும்

சரஸ்வதி: அரிசி போட்டு வச்சா?

சேகர்: போடலாம்

கவிதா: சித்தப்பா மின்சாரம் கேள்வி. 5 மார்க்

சேகர்: திட உப்பு கடத்தாது. அயனி இருக்கு, ஆனா இடத்தை விட்டு நகர முடியாது. 801 டிகிரி செல்சியஸ்ல உருக்கினாலோ தண்ணியில கரைச்சாலோ அயனிங்க நகரும், கடத்தும். “எலக்ட்ரான் நகருது”ன்னு எழுதிராத, அது உலோகக் கம்பிக்கு. சுமை கூடுனா உருகுநிலையும் ஏறும்: மெக்னீசியம் ஆக்சைடுல ரெண்டு பக்கமும் 2, அது உருக ஏறக்குறைய 2850 டிகிரி வேணும். சுத்தியலால தட்டுனா உப்பு நசுங்காம உடையுறது ஏன்னா, ஒரு அடுக்கு நகந்ததும் ஒரே சுமை அயனிங்க நேருக்கு நேர் வந்து தள்ளிக்கும்

மணி: இந்த வீட்டுப் பெரியவங்க மூணு பேரையும் ஒரே வரிசையில உக்கார வச்ச மாதிரி

சரஸ்வதி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி: பாத்துட்டேன் அக்கா

பாண்டி: சித்தப்பா வேன்!!

சேகர்: ரெண்டு பேர். உங்க சித்தி திருமங்கலத்துல இருந்து நேரா வருவா, வந்தா

கவிதா: தம்பி நான் கவிதா. இப்பத்தான் நோட்டை எடுத்துத் திருத்துறா. ரொம்ப நன்றி. அலுமினியமும் வருமான்னு கேக்குறா

சேகர்: 2, 8, 3. மூணை விடும். ஆக்சிஜன் ரெண்டு வாங்கும். 6ல சமன் ஆகும், அதனால 2 அலுமினியம் 3 ஆக்சிஜன். போட்டுப் பாத்துட்டு அனுப்பச் சொல்லுங்க

பாண்டி: இதுவரைக்கும் 9. வேன்ல 12 சீட்டு. ஆசாரி இன்னும் போனை எடுக்கல

சரஸ்வதி: கறிச்சோறு எதுல வடிக்கிறது?

மணி: வாடகைப் பாத்திரம் எடுப்போம் அக்கா

சரஸ்வதி: வீட்டுல அண்டா இருக்கும்போதா

மணி: விஜயாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்