"ஓடுதளம் தெரிகிறது" என்று சொன்ன பிறகு

வால்காற்று:
பனிமூட்டத்தில் இறங்குவதுதான் பைலட்டுக்குப் பயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது பளிச்சென்று வானம் தெளிந்திருந்த ஒரு மாலையில்.

அன்று கிளைட் ஸ்லோப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதாவது, விமானம் எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று காட்டும் ரேடியோக் கற்றை இல்லை. ஏடிசியில், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில், இருந்தவர் "ஓடுதளம் தெரிகிறதா?" என்று கேட்டார். "தெரிகிறது" என்றோம். விஷுவல் அப்ரோச்சுக்கு, அதாவது கண்ணால் பார்த்தே இறங்குவதற்கு, அனுமதி கிடைத்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும், உயரம், வேகம், திருப்பம் எல்லாம் நம் தலையில்.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. 3 டிகிரி சரிவுக்கு மைலுக்குச் சுமார் 300 அடி. 10 மைலில் 3000 அடியில் இருக்க வேண்டும். நாங்கள் 5000-இல் இருந்தோம். நான் கேப்டன், ஆனால் விமானத்தை ஓட்டியது ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை விமானி. ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டார். எங்கள் வகை விமானத்தில் கையால் ஓட்டும்போது, த்ராட்டில் லீவரை நகர்த்தி வேகத்தைத் தானாகக் காக்கும் ஆட்டோத்ராட்டிலையும் எடுத்துவிடுவது வழக்கம், அதையும் எடுத்தார். ஸ்பீட் பிரேக், சக்கரம், ஃபிளாப் என்று எல்லாவற்றையும் இறக்கி, இன்ஜினை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்கு, கொண்டுபோய் உயரத்தைக் கரைத்தோம். ஓடுதளத்தின் ஓரத்தில் இருக்கும் நான்கு பாப்பி விளக்குகளும் வெள்ளையாக இருந்தன. உயரம் அதிகம் என்று அர்த்தம். பிறகு மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு. அப்புறம் இரண்டுக்கு இரண்டு, அதாவது சரியான சரிவு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி பாருங்கள், தேர்வில் பாஸ் ஆன மாதிரி.

அந்த நிம்மதியில்தான் கோட்டை விட்டோம். சரிவு சரியானதும் இன்ஜினுக்கு உந்துவிசை கூட்டியிருக்க வேண்டும். அவர் கை த்ராட்டில் மேல்தான் இருந்தது, ஆனால் அசையவில்லை. வழக்கமாக அந்த லீவர் தானாக முன்னே நகரும், கை அதன் மேல் சும்மா சவாரி செய்யும். அன்றும் கை சவாரிக்காகக் காத்திருந்தது என்று நினைக்கிறேன். இரண்டு பேர் கண்ணும் வெளியே.

பின்னால் மடிப்பு இருக்கையில், வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த பயிற்சிப் பையன், "ஸ்பீட்" என்றான். குரலே எழும்பவில்லை. 138 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 131, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. 700 அடியில் "கோ-அரவுண்ட்" சொன்னேன், அதாவது இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது.

தப்பு அவருடையது அல்ல. ஓட்டாமல் இருந்தவன் நான். கருவிகளைப் பார்ப்பதுதான் என் வேலை.

இரவுப்பறவை:
2013 ஜூலை 6-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான், நல்ல பகலில். அங்கேயும் கிளைட் ஸ்லோப் வேலை செய்யவில்லை. ஓடுதளப் பணி நடந்துகொண்டிருந்தது. ஏசியானாவின் போயிங் 777. உயரம் அதிகம் என்று லீவரைக் கையால் ஐடிலுக்கு இழுத்தார்கள். அந்தச் சமயத்தில் இருந்த மோடில் அப்படி இழுத்தால் ஆட்டோத்ராட்டில் 'ஹோல்ட்' என்ற நிலைக்குப் போய்விடும், வேகத்தைக் காப்பாற்ற அது வராது. வரும் என்று நம்பினார்கள். இலக்கு 137 நாட். கடைசியில் 103 வரை போய்விட்டது. வால் கடல் சுவரில் மோதியது. 307 பேரில் மூன்று பேர் இறந்தார்கள். ஆட்டோமேஷன் இல்லாமல் ஓட்டத் தெரியவில்லை என்று அதை எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதைவிடப் பயமாகத் தெரிவது, பாதி ஆன், பாதி ஆஃப் என்ற நிலை. முழுக்க அணைத்திருந்தால் கை தன் வேலையைச் செய்திருக்கும்.

என் அனுபவம் சின்னது. டர்போபிராப் ஓட்டிய காலம். ராத்திரி, கீழே நீர், சுற்றிலும் ஒரு விளக்கு கிடையாது, தூரத்தில் ஓடுதளத்தின் இரண்டு வரிசை விளக்குகள் மட்டும். இதைப் 'பிளாக் ஹோல்' மாயை என்பார்கள். தரை தெரியாததால், நாம் உயரத்தில் மிதப்பது போல மூளை கற்பனை செய்யும். நானும் "ரொம்ப உயரம்" என்று விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். பாப்பியில் மூன்று சிவப்பு, அதாவது உயரம் குறைவு. சரியாகத்தான் பார்க்கிறேனா என்று கண்ணைச் சிமிட்டினேன், நான்கும் சிவப்பாகிவிட்டன. இத்தனைக்கும் உடம்பு "இன்னும் இறங்கு" என்றுதான் சொல்கிறது! அன்றிலிருந்து விஷுவலாக இறங்கினாலும் ஐஎல்எஸ் (ரேடியோக் கற்றையால் ஓடுதளத்துக்கு வழிகாட்டும் அமைப்பு) இருந்தால் அந்த அலைவரிசையைப் போட்டு வைத்துவிடுவேன். கண் பொய் சொன்னால் ஊசி காட்டிக்கொடுக்கும்.

மின்கம்பி:
நான் பைலட் இல்லை, ஐஎல்எஸ் கருவிகளைப் பராமரிப்பவன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎல்எஸ்ஸில் ஓடுதளத்தின் நடுக்கோட்டைக் காட்டும் பகுதியான லோக்கலைசர் ஒரே அலையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை அனுப்பும். ஒரு பக்கம் ஒன்று ஓங்கும், மறுபக்கம் மற்றது. இரண்டும் சமமாக இருக்கும் இடம்தான் நடுக்கோடு. ஆன்டெனாவுக்கு முன்னால் பெரிய உலோகம் எதுவும் குறுக்கே வந்தால் அந்தச் சமன் கலையும். மூடுபனி நாளில் அந்தப் பகுதிக்குள் யாரையும் விட மாட்டார்கள். வெயில் நாளில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், ஏனென்றால் பைலட்டுக்குத்தான் கண் தெரிகிறதே.

ஒருமுறை தெளிவான நாளில் ஒரு விமானம் பழக்கத்துக்காக ஆட்டோலேண்ட், அதாவது ஆட்டோபைலட்டே தரையிறக்குவது, செய்து பார்த்தது. முன்னால் புறப்பட்ட விமானம் ஆன்டெனா மேல் பறந்த நேரம், இது ஓடுதளத்துக்கு மேலே பக்கவாட்டில் நெளிந்ததை நான் கீழே நின்று பார்த்தேன். பைலட் ஆட்டோபைலட்டை உடனே பிடுங்கிவிட்டார். மியூனிக்கில் 2011 நவம்பரில் இதே காரணத்தால் ஒரு 777 ஓடுதளத்தை விட்டே புல்தரைக்குப் போனது.

ஜன்னலோரம்:
பயணியாக ஒரு சந்தேகம். "டம்" என்று இறங்கினால் பைலட் கையால் இறக்கினார், வெண்ணெய் மாதிரி இறங்கினால் கணினி. சரிதானே?

வால்காற்று:
கேட்டதற்கு நன்றி, இது எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம். ஐஎல்எஸ் பிடித்து வந்தாலும் கடைசியில் பெரும்பாலும் கையால்தான் இறக்குகிறோம். ஆட்டோலேண்ட் முக்கியமாக மூடுபனிக்கு. பலத்த பக்கக் காற்று அடித்தால் அதற்கு அனுமதியே இல்லை, அப்போது கைதான். ஈரமான ஓடுதளத்தில் கொஞ்சம் அழுத்தி இறக்குவது வேண்டுமென்றே செய்வது. வெண்ணெய் மாதிரி இறங்கியதற்குக் கைதட்டினால் மட்டும் நாங்கள் மறுக்க மாட்டோம்.

இரவுப்பறவை:
வால்காற்று சார், கதையை முடிக்கவில்லையே. இரண்டாவது முறை என்ன செய்தீர்கள்?

வால்காற்று:
அவரையே மறுபடி ஓட்டச் சொன்னேன், ஆட்டோபைலட் இல்லாமல்தான். ஆனால் இந்த முறை 10 மைலில் 3000 அடி இருக்கும்படி முன்னாலேயே கீழே இறங்க அனுமதி கேட்டு வாங்கினோம். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் வேகத்தை நான் வாய்விட்டுச் சொன்னேன். சாதாரணமான தரையிறக்கம்.

இன்ஜினை நிறுத்தி, பயணிகள் இறங்கிய பிறகும் அந்தப் பையன் பேசவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி, "நடுவில் பேசியது தப்பா கேப்டன்?" என்றான். "தப்புதான். இன்னும் ஐந்து நாட் முன்னாலேயே சொல்லியிருக்கணும்" என்றேன்.