போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை டெஸ்க்டாப்பிலேயே நிரந்தரமா மாட்டி வைக்கலாமா?

கல்லுக்கட்டி
காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோ டெஸ்க்டாப். உள்ளே 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேக டிஸ்க்) மட்டும்தான். கல்யாணப் படங்கள், பழைய இசைகுடிமானம் (செட்டிநாட்டுக் கல்யாண ஒப்பந்த ஏடு), கணக்கு நோட்டு ஸ்கேன் எல்லாம் 3 போர்ட்டபிள் டிஸ்க்கில் இருக்கு (4 டி.பி. இரண்டு, 2 டி.பி. ஒன்று). தனி கரண்ட் அடாப்டர் இல்லாத 4 போர்ட் யு.எஸ்.பி. ஹப் (ஒரு போர்ட்டைப் பலதாப் பிரிக்கிற பெட்டி) ஒன்றில் மூன்றையும் செருகி, அதைக் கேபினெட் முன்பக்கப் போர்ட்டில் கொடுத்திருக்கு. நாள் பூரா ஓடுது.

இரண்டு தொந்தரவு. பெரிய ஃபோல்டர் காப்பி ஆகும்போது ஒரு டிஸ்க் திடீர்னு காணாமப் போய்த் திரும்ப வருது. இன்னொன்று 110 எம்.பி. வேகத்தில் ஆரம்பிச்சு, கொஞ்ச நேரத்தில் 20க்கு இறங்கிடுது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மூன்றுமே நீலம், 'குட்'. இப்படியே விடலாமா, உள்ளே டிஸ்க் போடணுமா? இதே டிஸ்க்கைப் பிரிச்சு உள்ளே மாட்ட முடியுமா?

வளவுவீடு
முதல் தொந்தரவுக்குக் காரணம் அந்த ஹப்தான் தம்பி. யு.எஸ்.பி. 3 போர்ட் ஒன்று 900 மில்லி ஆம்பியர் தரும், யு.எஸ்.பி. 2 என்றால் 500தான். 2.5 அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற அந்தச் சில விநாடி மட்டும் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் இல்லாத ஹப்பில் மூன்று டிஸ்க்கும் அந்த ஒரே 900ஐப் பங்கு போட்டுக்குது. ஒன்று தூங்கி எழும்போது வோல்ட்டேஜ் சரிஞ்சு பக்கத்து டிஸ்க் விழுந்துடும். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஓடுற வயரிலும் கொஞ்சம் குறையும்.

மூன்றையும் மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியா, டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளிலேயே செருகிப் பாருங்க. போர்ட் பத்தலைன்னா தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்க. அடாப்டர் 5 வோல்ட் 4 ஆம்பியர் இல்லாட்டி 12 வோல்ட் 2 ஆம்பியராவது இருக்கணும்.

'குட்' என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பட்டியலில் 05, சி5, சி6 (டிஸ்க்கில் கெட்ட, கெட்டிருக்கலாம்னு சந்தேகப்படுற இடங்களை எண்ணுற வரிகள்) மூன்றிலும் ரா வேல்யூ, அதாவது நேரடி எண்ணிக்கை, பூஜ்யமா பாருங்க. அப்புறம் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் போய் 'டிஸ்க்' என்ற சோர்ஸைத் தேடுங்க. 157 என்ற எண் இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்க் கழன்றிருக்குன்னு அர்த்தம்.

கல்லுக்கட்டி
பார்த்தாச்சு அண்ணே. 157 ஒரே வாரத்தில் 9 தடவை, எல்லாமே 2 டி.பி. டிஸ்க். 05, சி5, சி6 மூன்றிலும் பூஜ்யம். சி7உம் பூஜ்யம், அப்போ கேபிள் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

வளவுவீடு
எடுத்துக்கக் கூடாது. டிஸ்க்குக்கும் பெட்டிக்குள்ளே இருக்கிற யு.எஸ்.பி.க்கு மாற்றித் தர்ற சின்ன பிரிட்ஜ் போர்டுக்கும் நடுவில் வர்ற தப்பைத்தான் சி7 எண்ணும். வெளியே தொங்குற யு.எஸ்.பி. கேபிள் கெட்டிருந்தாலும் அதில் ஏறாது. டிஸ்க் பக்கத்து மைக்ரோ-பி செருகியை லேசா அசைச்சுப் பாருங்க, டிஸ்க் கழன்று வந்தால் கேபிளோ சாக்கெட்டோ தளர்ந்து போச்சு. நிரந்தரமாத் தொங்கவிடுற டிஸ்க்கில் தட்டுக்கு முன்னாடி சாகிறது பெரும்பாலும் இந்தச் சாக்கெட்தான். கேபிளை மேசைக்காலோடு ஒரு டை போட்டுக் கட்டிட்டால் பாரம் சாக்கெட்டில் விழாது.

பள்ளத்தூரான்
வேகம் இறங்குறது கோளாறு இல்லை, டிஸ்க்கின் சுபாவம். 2.5 அங்குலத்தில் பெரிய கொள்ளளவு போர்ட்டபிள் எல்லாம் இப்போ எஸ்.எம்.ஆர். வகை. நம்ம வீட்டுக் கூரையில் நாட்டு ஓட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடுக்குற மாதிரி, டிராக்கை (தகவல் எழுதுற வளையங்களை) அடுக்கி எழுதும். நடுவில் ஒரு ஓட்டை மாற்றணும்னா மேலே கிடக்கிற வரிசையை எடுத்துத் திரும்ப வேயணும் இல்லையா, அதே கதை. அதை மறைக்கத்தான் டிஸ்க்கில் ஒரு ஓரம் சாதாரண முறையில் எழுதுற இடமா ஒதுக்கியிருக்கு. முதலில் வர்றது அங்கே இறங்கும், அதனால 110. அந்த இடம் நிறைஞ்சதும் 20, சில நேரம் அதுக்கும் கீழே. சும்மா விட்டால் உள்ளுக்குள்ளே அடுக்கி முடிச்சிட்டுப் பழைய வேகத்துக்கு வரும். அதனால் காப்பி முடிஞ்ச உடனே பிடுங்காதீங்க, பத்து நிமிஷம் கரண்டோடு விடுங்க.

இந்த வகைக்கு ஒரு தடவை எழுதி வைக்கிற வேலைதான் ஒத்து வரும். 600 டி.பி.ஐ. வண்ணத்தில் ஏ4 பக்கம் ஒன்று, சுருக்காத டிஃப் படமாக, சுமார் 100 எம்.பி. ஆகும், அதை எழுதிப் பூட்டி வைக்கலாம். லைட்ரூம் கேட்டலாக் (படங்களின் பட்டியல் ஃபைல்), பிரீமியர் கேஷ் (வீடியோ எடிட்டிங்கின் தற்காலிக ஃபைல்), பாதி எடிட்டில் இருக்கிற வேலை எதையும் அதில் வைக்காதீங்க. அதெல்லாம் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்கணும்.

பிரிச்சு மாட்டுறதைப் பற்றி: வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்ட்டபிள்களில் பெரும்பாலும் யு.எஸ்.பி. சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே ஈயம் வைச்சிருக்கும், சாட்டா முனையே (டெஸ்க்டாப்புக்குள்ளே டிஸ்க்கை இணைக்கிற முனை) கிடையாது. மை பாஸ்போர்ட்டில் பல மாடல் நீங்க பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் தகவலைப் பூட்டியே (என்கிரிப்ட் பண்ணியே) எழுதும். சீகேட் போர்ட்டபிளில் பெரும்பாலும் சாட்டா டிஸ்க்தான் இருக்கும், ஆனால் அதுவும் எஸ்.எம்.ஆர்.தான். வாரன்ட்டியை இழந்து அதே மெதுவான டிஸ்க்கை உள்ளே கொண்டுபோய் என்ன லாபம்?

தேவகோட்டை ரஸ்தா
சூட்டை யாரும் சொல்லலையே. மை பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுப்புறச் சூடு 35 டிகிரி வரைதான்னு தயாரிப்பாளரே போட்டிருக்காங்க. சித்திரையில் நம்ம ஊரில் ஏ.சி. இல்லாத அறை மதியம் அதைத் தாண்டிடும். பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுப் போக வழியில்லை, மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் இருக்கிறது வேகும். தூசிக்குப் பயந்து துணி போட்டு மூடுறவங்களும் உண்டு, அது இன்னும் மோசம். இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் பரப்பி வைங்க. டிஸ்க் சூடு 50ஐத் தாண்டினால் வேலையை நிறுத்திடுங்க. ஆத்தங்குடிக் கல்லு குளுமையா இருக்கேன்னு தரையில் வைக்க வேண்டாம், கழுவி விடுற தண்ணி போதும் டிஸ்க்கை முடிக்க.

டவரில் இடமே இல்லாதவங்க, மினி பி.சி.காரங்க வெளியேதான் வைக்கணும்னா இப்படி: பவர் ஆப்ஷனில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கிற யு.எஸ்.பி. சாதனத்தைத் தூங்க வைக்கிற வசதி) நிறுத்துங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நிலையான டிரைவ் எழுத்து கொடுங்க, கடைசி எழுத்துகளாப் பார்த்து. இல்லாட்டி பென் டிரைவ் செருகும்போது எழுத்து மாறிக் கேட்டலாக் எல்லாம் ஃபைலைக் காணோம்னு அழும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் இருந்தால் தகவலை வேறே இடத்துக்கு எடுத்துட்டு என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் பண்ணுங்க. எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறிச்சு வைக்கிற பதிவு) கிடையாது, எழுதும்போது கரண்ட் போனால் ஃபோல்டரோடு போயிடும். 'குவிக் ரிமூவல்' (எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்காத அமைப்பு) என்பதை அப்படியே விடுங்க. விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. வேகத்துக்காக 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' மாற்றினால் யு.பி.எஸ். கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புறவங்க அதில் யு.பி.எஸ். மோட் பொத்தான் இருந்தால் போட்டு வைங்க, இல்லாட்டி மாறுகிற இடைவெளியிலேயே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும்.

பள்ளத்தூரான்
டவர் இருக்கும்போது இத்தனை பாடு தேவையில்லை. 3.5 அங்குல சி.எம்.ஆர். (டிராக்கை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதுற வகை) டிஸ்க் ஒன்று, 8 டி.பி., போதும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சி.எம்.ஆர். வெறும் 'ரெட்' என்றால் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்க. அதில் சில எஸ்.எம்.ஆர். என்பது 2020இல்தான் வெளியே வந்தது. சீகேட்டின் பாரகுடாவிலும் பல மாடல் எஸ்.எம்.ஆர்.

சாட்டா டேட்டா கேபிள், 6-32 அளவுத் திருகு நாலு. பவருக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (கேபினெட்டின் பவர் சப்ளை) இருந்து நேரா வர்ற சாட்டா முனையையே கொடுங்க, பழைய மோலெக்ஸ் முனையைச் சாட்டாவா மாற்றுற வார்ப்பு அடாப்டர் போட்டால் உள்ளே வயர் உரசிப் புகைஞ்சுடும். எம்.2 எஸ்.எஸ்.டி. (மதர்போர்டிலேயே செருகுற பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.) இருக்கிற போர்டில் சில சாட்டா போர்ட் செத்துக் கிடக்கும், டிஸ்க் தெரியலைன்னா வேறே போர்ட் மாற்றுங்க. டிஸ்க்குக்கு முன்னாடி 120 மி.மீ. ஃபேன் ஒன்று ஓடட்டும். டிஸ்க்கை ஜி.பி.டி. என்ற பார்ட்டிஷன் முறையில்தான் துவக்கணும், பழைய எம்.பி.ஆர். முறை என்றால் 2 டி.பி.க்கு மேலே எட்டாது.

மாற்றும்போது கட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். டெராகாப்பி என்ற காப்பி மென்பொருளில் வெரிஃபை (சரிபார்ப்பு) போட்டுக் காப்பி பண்ணுங்க. 4 டி.பி.க்கு, விநாடிக்கு 100 எம்.பி. கிடைச்சாலே 11 மணி நேரம், வெரிஃபைக்கு அதே அளவு இன்னொரு தடவை. முடிஞ்சதும் பழைய டிஸ்க்கின் எழுத்தைப் பிடுங்கிப் புதுசுக்குக் கொடுத்திடுங்க, லைட்ரூமுக்கு மாற்றமே தெரியாது.

கல்லுக்கட்டி
இரண்டு 4 டி.பி.யில் இருக்கிறதை ஒரே 8 டி.பி.யில் போட்டால் எழுத்து இரண்டாச்சே?

பள்ளத்தூரான்
அப்போ டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாப் பிரிச்சு ஆளுக்கொரு பழைய எழுத்து கொடுங்க. 2 டி.பி. சரக்கைக் காலி இருக்கிற பார்ட்டிஷனில் ஒரு ஃபோல்டராப் போட்டு, லைட்ரூமில் அந்த ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் பண்ணி இடத்தைக் காட்டிடுங்க.

வளவுவீடு
4 டி.பி. போர்ட்டபிள் இரண்டையும் அழிச்சிடாதீங்க தம்பி, காப்பியா வைங்க. மாசத்துக்கு ஒரு தடவை செருகி, எழுதி, பிடுங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைங்க; ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு அது வேணும். ஒன்று பெட்டகத்தில், இன்னொன்று வெளியூரில் இருக்கிற பங்காளி வீட்டில். அந்த 2 டி.பி.க்கு முதலில் கேபிள் மாற்றிப் பாருங்க, அப்பவும் 157 வந்தால் காப்பிக்குக்கூட வேண்டாம்.