லேசிக்குக்குத் தமிழ்ச்சொல்: ‘கருவிழி இழைப்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கண்ணாடி இல்லாமல் பார்க்க லேசரால் கருவிழியைத் திருத்தும் லேசிக் அறுவைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசி வருகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘சீரொளி விழித்திருத்த அறுவை’ (சீரொளி என்றால் லேசர்) பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. லேசரைப் பெயரின் தலையில் வைத்தால் எங்கள் மதுரைப் பக்கத்தில் குழப்பம் கூடத்தான் செய்யும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்து கண்புரை எடுத்துக்கொண்டவரைக் கேளுங்கள், ‘லேசர் வச்சு எடுத்தாங்க’ என்பார். பெரும்பாலும் அங்கே புரையை உடைத்து உறிஞ்சியது மீயொலி (அல்ட்ராசவுண்ட்). சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவருக்கும் லேசர். புரை எடுத்தபின் உள்ளே வைத்த லென்சுக்குப் பின்னால் படலம் மங்கினால் அதற்கும் லேசர். கண்ணாடியைக் கழற்ற நினைக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் லேசர். எல்லாம் வேறு வேறு வேலை. அதனால் கருவியின் பெயரை விட்டுவிட்டு, கண்ணில் எந்த இடம், அங்கே என்ன நடக்கிறது என்ற இரண்டையும் சொல்லும் பெயர்தான் வேண்டும்.

இடம் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா. ‘அது நிறமே இல்லாத திசு ஆயிற்றே’ என்று சென்னை நண்பர் கேட்டது நியாயம்தான். ஆனால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை, கருவிழிப் புண் என்று மருத்துவமனைகளில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. ‘விழிவெண்படலம்’ என்று எழுதினால் கண்ணின் வெள்ளைப் பகுதி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

செயலுக்குத்தான் நல்ல சொல் அமையவில்லை. ‘எரிப்பு’ வேண்டவே வேண்டாம். 1981-இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில், சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசனும் கூட்டாளிகளும் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கருகல் இல்லை, வெட்டு சுத்தமாக விழுந்தது. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்துவிடுகிறது. மேலே இருக்கும் மிக மெல்லிய அடுக்கு மட்டும் ஆவியாகப் போய்விடுகிறது, பக்கத்துத் திசுவுக்குச் சூடு அநேகமாகப் பரவுவதில்லை. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் போகும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விழித்திரைக்குச் செய்யும் சர்க்கரை நோய் லேசர்தான் உண்மையில் சூடு வைப்பது. ‘எரிப்பு’ அதற்கு இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘இழைப்பு’. தச்சர் இழைப்புளியைத் தள்ளும்போது சுருள் சுருளாகச் சீவல் விழும், பலகை வேண்டிய வடிவத்துக்கு வரும். கிட்டப்பார்வைக்கு நடுக் கருவிழியை இழைத்துத் தட்டையாக்குகிறார்கள். தூரப்பார்வைக்கு ஓரத்தைச் சுற்றி இழைத்து நடுவைக் குவிக்கிறார்கள். இழைத்த பலகை மறுபடி தடிக்காது என்பதும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். நடுக் கருவிழியின் கனம் சராசரியாக 540 மைக்ரான். இழைப்பதற்கு முன் மேலே மெல்லியதாக வெட்டித் தூக்கும் மடலுக்கு (ஆங்கிலத்தில் ஃபிளாப்) 100 முதல் 120 போகும். ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் இழைக்க வேண்டும். மைனஸ் 6 என்றால் 70 முதல் 90. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும், 300 இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே போனால் கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் கருவிழி முன்னே புடைக்கக்கூடும். ஏற்கெனவே கூம்பிய கருவிழி உள்ளவருக்கு ‘உங்களுக்கு ஆகாது’ என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். அதைக் கேட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்ற வீட்டு நெருக்கடி வேறு. இழைக்க அங்கே கனம் போதாது என்று அம்மாவிடம் அந்தப் பிள்ளையே விளக்கச் சொல் இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

‘துரோகம் இழைத்தல்’ நினைவுக்கு வருகிறதே என்ற மறுப்பு வரும். கருவிழி முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் எட்டிப் பார்க்காது.

ஃபிளாப்புக்கு ‘மூடி’, ‘இதழ்’ இரண்டையும்விட ‘மடல்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செவிமடல் போல ஓரம் ஒட்டியே இருப்பது அது. அப்படியானால் லேசிக் ‘மடல்வழிக் கருவிழி இழைப்பு’. மடல் எடுக்காமல் மேல்தோலை மட்டும் அகற்றிச் செய்யும் பிஆர்கே என்ற முறை ‘மேற்பரப்பு இழைப்பு’. மேல்தோல் சில நாளில் வளர்ந்துவிடும். ஸ்மைல் என்ற இன்னொரு முறையில் இழைப்பே கிடையாது. மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் ஃபெம்டோ லேசர் கருவிழிக்குள்ளேயே வில்லை வடிவில் ஒரு துண்டை வெட்ட, சிறு கீறல் வழியாக மருத்துவர் அதை உருவிவிடுகிறார். ‘கீறல்வழி வில்லை நீக்கம்’ எனலாம்.

சொற்பட்டியலில் விளக்கக் குறிப்பும் சேர்த்தாக வேண்டும்: 18 வயதுக்கு மேல், பவர் ஓராண்டாவது மாறாமல் நின்றபின் செய்வது, கருவிழி நரம்புகள் அறுபடுவதால் சில மாதம் கண் உலர்ந்து உறுத்தலாம், நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது, ஏனென்றால் அது உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது.

‘மடல்’ பற்றிக் கண் மருத்துவத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் கருத்துச் சொல்லுங்கள். அப்புறம் கருவிழியின் வளைவை அளந்து காட்டும் டோபோகிராபிக்கு ‘மேடுபள்ளப் படம்’ சரிவருமா? கருவிழியில் பள்ளம் இருப்பதாக நோயாளி பயந்துவிடுவாரோ என்று யோசிக்கிறேன். ‘வளைவு வரைபடம்’ என்று ஒருவர் முன்பே சொன்னார், அதையே வைத்துக்கொள்ளலாமா?