செத்த தலைவரைத் திட்டலாமா?

கோப்பாய்க்காரன்:
2024 ஜூன் 30இல் இலங்கைத் தமிழர் தலைவர் சம்பந்தன் ஐயா காலமான அன்று இரவே முகநூலில் பலர் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய அரசியல் எனக்கும் பிடிக்காது. எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் இருந்துகொண்டு அரசுக்கு முண்டு கொடுத்தார் என்பதே என் குறை. அதற்காக 91 வயது மனிதரின் தள்ளாமையைப் படம் போட்டுச் சிரிப்பதா?

நல்லூரான்:
அண்ணை, 2016க்குள் தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு என்று மேடை மேடையாகச் சொன்னவர் அவர்தான். வந்ததா? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்திய காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் எத்தனை பேர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடினார்கள்! அவர்களிடம் போய் நாகரிகம் பேசுங்கள். தள்ளாமையும் அவருடைய சொந்த விஷயமாக இருக்கவில்லை. எழும்பி நடக்க ஏலாத நிலையிலும் சாகும்வரை எம்பி. கதிரையை விடு என்று கேட்பது உடம்பைப் பழிப்பதாகாது.

கரவெட்டி அக்கா:
விடச் சொன்னது சரி, தம்பி. அவரைச் சுமந்து கொண்டுபோகிற படத்துக்குக் கீழே பகிடி எழுதினால் கதிரை காலியாகுமா? அதையும் விடுவோம், எனக்குப் பயம் துரோகிப் பட்டம்தான். 1975இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா, 1989இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம், இரண்டு பேரையும் சுட்டார்கள். பட்டம் முதலில் வந்தது, வெடி பின்னால் வந்தது. இப்போது வெடி இல்லை, பட்டம் மட்டும் தாராளமாக ஓடுகிறது. பெண் வேட்பாளர் என்றால் சாதி, நடத்தை எல்லாம் சேர்ந்து வரும்.

நல்லூரான்:
அதற்குச் சட்டம் கேட்கப்போகிறீர்களா? 2024 ஜனவரியில் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றினார்களே. எது பொய் என்று பார்க்க ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் ஆணைக்குழு! 2002இல் குற்றவியல் அவதூறை நீக்கிய அதே நாடு.

கரவெட்டி அக்கா:
சட்டம் யார் கேட்டது? சொந்தப் பெயரில் எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நல்லூரான்:
சொந்தப் பெயரில் எழுதினால் வாசலில் விசாரணைக்கு வந்து நிற்பார்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு அது சுலபம்.

ஸ்காபரோ சிவா:
லண்டன் என்று கனடாவில் இருக்கிற எங்களையும் சேர்த்துத்தான் இடிக்கிறீர்கள், விளங்குது. அப்போ நாங்கள் வாயே திறக்கக் கூடாதா?

கோப்பாய்க்காரன்:
திறவுங்கோ. ஆனால் அவருக்கு வாக்குப் போட்டது திருகோணமலைச் சனம். அவர்களைவிட யாழ்ப்பாணமும் ஸ்காபரோவும் கூடக் கத்தியதுதான் வேடிக்கை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: செத்தவீடு முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

நல்லூரான்:
சரி, பொறுத்தோம். செத்தவீடு முடிய எட்டுச்செலவுச் சடங்குவரை பொறு என்பீர்கள், பிறகு அந்தியேட்டிச் சடங்கு என்பீர்கள். அதுவும் முடிய நினைவுமலர் அடித்து, சிலைக்குக் கல்லும் நாட்டிவிடுவீர்கள். எந்தக் கிழமை திட்டலாம் என்று நீங்களே ஒரு நாள் குறித்துத் தாருங்கோ அண்ணை.