பனை மரமா, புல்லா?

வேர்க்கால்:
"தென்னையும் பனையும் மரமே அல்ல, புல். தொல்காப்பியர் அன்றே சொன்னதை மேனாட்டார் நேற்றுத்தான் கண்டுபிடித்தார்கள்" என்று பனையூரான் எழுத, ஆளாளுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். தாவரவியல் கற்பிக்கிறவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பனையும் தென்னையும் அரிகேசியே குடும்பம். நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் போயேசியே குடும்பம். இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள், அதாவது விதைக்குள் ஒரே வித்திலை உள்ளவை என்பதற்குமேல் நெருக்கம் தேடாதீர்கள். பனையைப் புல் என்று எந்தத் தாவரவியலாரும் சொல்லவில்லை.

பனையூரான்:
அம்மா, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு பனையை அறுத்துப் பாருங்கள். "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்பது தொல்காப்பியத்தின் மரபியல். காழ் என்பது வைரம், தண்டின் கெட்டியான பகுதி. எங்கள் ஊர் ஆசாரி கூரைக்குப் பனங்கை எடுக்கும்போது வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரத்தைத்தான் எடுப்பார். உள்ளே வெறும் நாரும், சோறு என்கிற மென்மையான பகுதியும். தேக்கிலும் வேம்பிலும் வைரம் நடுவில் இருக்கிறது. பனைக்கு வெளியே வைரம், உள்ளே சோறு. இதைவிடத் தெளிவான பாகுபாடு, தாவரங்களை வகைப்படுத்திய உங்கள் லின்னேயஸிடம் இருந்ததா? அவர் பூவுக்குள் மகரந்தத்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வேர்க்கால்:
அந்த லின்னேயஸே 1753-இல் பனை இனங்களைத் தம் எண்ணிக்கைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்தார். ஒருவித்திலை, இருவித்திலை என்ற பிரிவை அவருக்கு முன்பே 1682-இல் ஆங்கிலத் தாவரவியலார் ஜான் ரே எழுதிவிட்டார். அது கிடக்கட்டும். உங்கள் அளவுகோலுக்கே வருகிறேன். முருங்கைக்கு வைரம் எங்கே? உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பலமாக ஒரு காற்று அடித்தால் முறிந்து விழுகிறது. அது மரமா, புல்லா?

பனையூரான்:
பனையைப் பற்றிப் பேசும்போது முருங்கை எதற்கு? தொல்காப்பியர் வைரத்தோடு நிறுத்தவில்லை. உறுப்புகளையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார். தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை ஆகியவை புல்லுக்கு. இலை, தளிர், சினை, அரும்பு ஆகியவை மரத்துக்கு. தென்னையின் "இலை" என்று எவராவது சொல்கிறோமா? ஓலை என்கிறோம், பாளை என்கிறோம். இன்றைக்கும் நம் வாயில் வாழ்கிற பாகுபாடு அது. உரையாசிரியர்களும் பனை, தெங்கு, கமுகு என்றுதான் சான்று காட்டுகிறார்கள். வெளியே வைரம், உள்ளே சோறு.

வேர்க்கால்:
முருங்கைக்கு வைரம் எங்கே?

சுவடிப்பெட்டி:
இருவரும் பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளை மறந்துவிட்டீர்கள். அங்கே அகக்காழ் உள்ளது ஆண்மரம், புறக்காழ் உள்ளது பெண்மரம், வைரமே இல்லாதது அலிமரம். முருங்கைக்கு இடம் கிடைத்துவிட்டது. பனையோ பெண்மரம் ஆகிறது. நம் மரபிலேயே அது மரம்தான், பனையூரான்.

பனையூரான்:
நிகண்டு பிற்காலத்தது. முதல்நூல் இருக்கும்போது வழிநூலைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். தக்காளி விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தக்காளியைக் காய்கறி என்றது என்று நான் காட்டியபோது, "அது இறக்குமதி வரிக்கான தீர்ப்பு, செல்லாது" என்று எல்லார் முன்னாலும் என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

சுவடிப்பெட்டி:
வரிக்கான தீர்ப்பு வரிக்குத்தான். இன்றும் அதையே சொல்கிறேன்.

தோப்புக்காரன்:
ஐயா, உங்களுக்கு இது வாய்ச்சண்டை, எங்களுக்குப் பிழைப்பு. 1927 வனச் சட்டம் மூங்கிலையும் மரம் என்று எழுதிவைத்தது. அதனால் விளைவித்தவன் அதை வெட்டி ஏற்றிச் செல்ல அனுமதிச் சீட்டுக்கு அலைந்தான். 2017-இல்தான் மூங்கிலை நீக்கினார்கள். கோவாவில் 2016-இல் தென்னையை மரப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அனுமதி கேட்காமலே வெட்டலாம் என்றாயிற்று. எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்த்தார்கள். இங்கே தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவிப்பு வந்தது. இந்த நேரத்தில் "பனை மரமே அல்ல" என்று பரப்பினால், பனையை வெட்டி எரிக்கும் செங்கல் சூளைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

பனையூரான்:
என்னையா சூளைக்காரனோடு சேர்க்கிறீர்கள்? என் தாத்தா பனையேறி. பாளை சீவி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி எங்களை வளர்த்தார். அவர் நெஞ்சில் காய்த்திருந்த தழும்பைப் பார்த்தவன் நான். புல் என்றால் மட்டம் என்று யார் சொன்னது? நெல்லும் புல்தானே? பனையைப் புல் என்பது அதைக் காப்பாற்றக்கூடாது என்றாகுமா? சட்டம் எழுதியவர்கள் தொல்காப்பியம் படிக்காதது என் குற்றமா?

தோப்புக்காரன்:
தாத்தாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏறியதைப் பனைமரம் என்றாரா, பனம்புல் என்றாரா?

பனையூரான்:
இப்படிக் கேட்பவரோடு பேச எனக்கு விருப்பமில்லை.

கதலி:
வாழையை யாரும் சொல்லவில்லையே? மட்டைமேல் மட்டை சுற்றியிருக்கிறது. வைரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வாழைமரம் என்கிறோம். இன்னொன்று, அது "வைரம்" அல்ல, "வயிரம்".

பனையூரான்:
இரண்டு எழுத்தும் வழக்கில் உண்டு. எழுத்துப்பிழை தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். வாழைக்கும் குலை உண்டு, எனவே புல்தான்.

வேர்க்கால்:
வாழை மியூசேசியே குடும்பம், அதுவும் புல் அல்ல. வைரத்தை விட்டுவிட்டு இப்போது குலைக்குத் தாவிவிட்டீர்கள். முருங்கைக்கு வைரம் எங்கே என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

பனையூரான்:
எதற்கும் தாவவில்லை. வெளியே வைரம், உள்ளே சோறு. மறுக்கிறவர்கள் பனையை அறுத்துக் காட்டி மறுக்கட்டும்.

தோப்புக்காரன்:
அறுப்பதற்கு முன்னால் ஆட்சியரிடம் அனுமதி வாங்குங்கள்.